பாவனையற்ற காணியில் ஒரு தேத்தண்ணி

போன மாதம் எங்கள் பழைய காணிக்கிளையிலிருந்து ஒரு தங்கச்சி தொலைபேசியில் கூப்பிட்டாள். நான் ஓய்வுபெற்ற பிறகு என் கதிரைக்கு வந்தவள். கெட்டிக்காரி.

"யோகம் அக்கா, ஒரு சின்னச் சந்தேகம். அரச காணியப் பிரதேச சபைக்குக் குடுக்கிற படிவம் இப்ப கொம்பியூட்டரில வந்திரிக்கி. அதுல 'தற்போதைய பாவனை' எண்டு ஒரு கட்டம். அமத்தினா ரெண்டே ரெண்டு சொல்லுத்தான் வருகுது. 'உண்டு', 'இல்லை'. நான் போய்ப் பாத்த காணியில நாலு ஆடு நிண்டது. எதை அமத்திற?"

"ஆடு ஆரிட?"

"அது கேக்கல்ல அக்கா."

"கேட்டுப்போட்டு எடு புள்ள" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

வைத்த பிறகு எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த ஒரு கட்டம் என்னை ஒன்றரை வருடம் ஓடத்திலும் வெயிலிலும் அலைய வைத்திருக்கிறது. அவளுக்கு அதை முழுதாகச் சொல்ல அவகாசம் இருக்கவில்லை. ஆகவே இங்கே எழுதுகிறேன்.

காணிக்கிளை வேலை என்றால் என்ன என்று என் மருமகன்கூடக் கேட்டிருக்கிறார். அரசாங்கத்துக்கு நிறையக் காணி இருக்கிறது. எது எங்கே கிடக்கிறது என்பது அரசாங்கத்துக்கு எப்போதும் ஞாபகம் இருப்பதில்லை. ஞாபகப்படுத்துவதுதான் எங்கள் வேலை. முப்பது வருடத்துக்குக் கிட்ட அதைச் செய்தேன். தேற்றாத்தீவிலிருந்து காலையில் பஸ் எடுத்துப் போவேன். பின்னேரம் கால் நிறையப் புழுதியோடு வருவேன். பயிற்சிக் காலத்தில் படித்ததில் பாதியைச் சுற்றுநிருபங்கள் மாற்றிவிட்டன. மீதியை நானே மறந்துவிட்டேன். ஒன்று மட்டும் மறக்கவில்லை. வேலைக்கு வந்த புதிதில் வெல்லாவெளிப் பக்கம் ஒரு குளக்கரைக் காணியை மாரியில் ஒரு முறையும் கோடையில் ஒரு முறையும் பார்த்து இரண்டு அறிக்கை எழுதினேன். இரண்டிலும் வடக்கு எல்லை குளத்து நீர். மாரியில் ஒரு ஏக்கர். கோடையில் மூன்று ஏக்கர். அப்போதைய மேலதிகாரி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "பிள்ள, இந்தக் காணி என்ன, சாப்பிட்டு வளருதா?" என்று கேட்டார். அன்றிலிருந்து எல்லை என்று தண்ணீரை எழுதுவதை விட்டுவிட்டேன்.

இனி திவாகரன் சேரிடம் வருகிறேன்.

அவர் எங்கள் பிரதேச செயலாளராக வந்தபோது எனக்கு ஐம்பத்தைந்து. அவருக்கு நாற்பதுகூட ஆகவில்லை. முதல் நாளே சுழல்கதிரையை மூலையில் தள்ளிவிட்டு ஒரு மரக்கதிரையைப் போட்டுக்கொண்டார். குரல் அவ்வளவு மெல்லிசு. அவர் பேசத் தொடங்கினால் மின்விசிறியை நிறுத்த வேண்டும். நாங்கள் வியர்த்து வடிய, கழுத்தை நீட்டிக்கொண்டு, மூச்சைக்கூட மெதுவாக விட்டுக் கேட்டுக்கொண்டிருப்போம். அதனால் எங்கள் கந்தோரில் கூட்டங்கள் எல்லாம் சீக்கிரம் முடிந்தன.

பைலை அவர் கடைசித் தாளிலிருந்து முதல் தாளுக்கு வாசிப்பார். "முடிவைப் பாத்துப்போட்டு, அதுக்குக் காரணம் கிடக்கா எண்டு தேடிப் போறன்" என்பார். வாசித்து முடித்ததும் ஒரே ஒரு சொல்தான் சொல்வார்: "நல்லம்." அதில் மூன்று வகை இருந்தது. சட்டென்று சொன்னால் கையெழுத்து விழும். இழுத்துச் சொன்னால் திரும்ப எழுத வேண்டும். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுச் சொன்னால், அன்று முழுக்க யாரும் அந்த அறைப் பக்கம் போகமாட்டோம்.

அவருக்கு நான் கொடுத்த முதல் கள அறிக்கையை வாசித்துவிட்டு, "மிஸ், அந்தக் காணியில தேத்தண்ணி குடிச்சீங்களா?" என்று கேட்டார்.

எனக்குச் சுரீர் என்றது. "இல்ல சேர். நான் பொதுமக்களிட்ட ஒண்டும் வாங்கிக் குடிக்கிறல்ல."

"அதுக்குக் கேக்கல்ல. ஒரு காணியில ஒரு மணித்தியாலம் நிண்டா, ஆராவது வந்து, தேத்தண்ணி குடிக்கிறீங்களா எண்டு கேப்பாங்க. கேட்ட ஆளிட பேர் உங்கட அறிக்கையில இல்ல. ஒண்டில் நீங்க ஒரு மணித்தியாலம் நிக்கல்ல. இல்லாட்டி அந்த ஆளை விட்டுட்டீங்க."

நான் அங்கே பத்து நிமிடம்தான் நின்றிருந்தேன். ஓட்டோவைக்கூட நிறுத்திவைக்கச் சொல்லித்தான் இறங்கினேன். "நல்லம்" என்று இழுத்தார். அடுத்த நாள் திரும்பப் போனேன்.

நான் சொல்ல வந்த காணி வாவிக்கு மேற்கே, படுவான்கரையில், தண்ணீர் ஓரமாக இருந்தது. வாவியை எங்கள் ஆட்கள் ஆறு என்றுதான் சொல்வோம். ஊரின் பெயரை மாற்றிக் கண்ணாமுனை என்று வைத்துக்கொள்கிறேன். அங்குள்ளவர்கள் இன்னும் என்னோடு கதைக்க வேண்டும். ஒரு காலத்தில் அங்கே ஒரு நெல் களஞ்சியம் இருந்தது. சூறாவளி கூரையைக் கொண்டுபோனது. மிச்சம் இருந்த சுவர்க் கல்லை ஊர் கொண்டுபோனது. களஞ்சியத்தைக் கட்டிய திணைக்களம் இன்னொரு திணைக்களத்தோடு சேர்ந்து காணாமல் போனது. எஞ்சியது ஒன்றரை ஏக்கர் மணலும், நடுவில் ஒரு பெரிய சீமெந்துத் தளமும்தான்.

அதைத் தங்களுக்குத் தரும்படி பிரதேச சபை கேட்டது. கேட்டவர் சபைத் தலைவர், அதாவது தவிசாளர். பேரின்பம் என்று சொல்வோம். கடிதத்தைத் தபாலில் போடாமல் தானே கொண்டுவந்தார். கூடவே சுருட்டிய ஒரு படம். என் மேசையில் இருந்த அத்தனை பைலையும் ஒதுக்கிவிட்டு அதை விரித்தார். சிறுவர் பூங்கா. ஊஞ்சல், பூந்தொட்டி, தண்ணீர் பீச்சுகிற தொட்டி. நடுவில் ஒரு ஒட்டகச்சிவிங்கி.

"இது என்ன தவிசாளர்?"

"சறுக்கு மிஸ். தலையால ஏறி வாலால வாற."

"கழுத்தால எப்பிடி ஏறுற?"

"அதுதான் மிஸ் இதுல விசேசம்" என்றார். மனிதர் கெட்டவர் இல்லை. ஊருக்கு ஒன்று செய்து, அதன் முன்னால் நின்று படம் எடுக்க ஆசைப்பட்டார். அது ஒரு குற்றமா?

நான் ஓடத்தில் ஏறிக் கண்ணாமுனைக்குப் போனேன். இந்தத் தடவை ஒரு மணித்தியாலம் நிற்பதென்ற முடிவோடு போனேன். அறுவடைக் காலம். தளத்தின் பாதியில் நெல் பரந்து கிடந்தது. ஆற்றுப் பக்க மூலையில் பழைய வலையை விரித்து, கூனி என்கிற பொடி இறாலைக் காயப்போட்டிருந்தார்கள். பக்கத்தில் நிழலுக்கு நாலு தடியும் தென்னோலைக் கிடுகுமாய் ஒரு கொட்டில். மணலில் கரப்பந்துக்கு இரண்டு கம்பம். ஒரு ஓரத்தில் கலியாண வீட்டுக்குச் சமைத்த அடுப்புக் கற்கள், இன்னும் கரியோடு.

கொட்டிலிலிருந்து ஒரு பெண் எழும்பி வந்தாள். நாற்பத்தைந்து வயது இருக்கும். கையில் வெறுந்தேத்தண்ணி. என் உள்ளங்கையை விரிக்கச் சொல்லி அதில் கொஞ்சம் சீனியும் வைத்தாள். அவளுக்குப் பெயர் மலர்.

"இந்தக் காணி ஆரிட?" என்று கேட்டேன்.

"கவுமெண்டிட."

"நீங்க இதுல என்ன செய்றீங்க?"

"கூனி காயுது."

"எவ்வளவு காலமா?"

"எங்கட அம்மா காலத்தில இருந்து."

"அப்ப இது உங்கட பாவனையில இரிக்கிற காணி."

"என்னத்துக்கு மிஸ் பொல்லாப்பு! வெயில்தான் காயப்போடுது. நான் பக்கத்துல இரிக்கன்."

கந்தோருக்கு வந்து படிவத்தை எடுத்தேன். மற்றக் கட்டங்கள் எல்லாம் மளமளவென்று நிரம்பின. 'தற்போதைய பாவனை' என்ற கட்டத்தில் பேனை நின்றது. 'இல்லை' என்று எழுதினால் பைல் நேராக ஓடும். 'உண்டு' என்று எழுதினால் யார், எப்போதிருந்து, எந்த அனுமதியில் என்று இணைப்பு வைக்க வேண்டும். அனுமதி இல்லாதவரை முதலில் எழுப்பி வெளியேற்ற வேண்டும் என்று சுற்றுநிருபம் சொன்னது. மலரை எழுப்ப எனக்கு மனமில்லை. பொய் எழுதவும் பயம். அதனால் ஒரு கெட்டிக்காரத்தனம் செய்தேன். கட்டத்தை வெறுமையாக விட்டேன்.

திவாகரன் சேர் கடைசித் தாளிலிருந்து வாசித்து வந்து, சரியாக அந்தக் கட்டத்தில் நின்றார்.

"தேத்தண்ணி?"

"குடிச்சன் சேர்."

"ஆர் தந்தது?"

"மலர் எண்டு ஒரு பொம்பிளை. கூனி காயப்போடுறா."

"அவவிட பேர் எங்க?"

அவர் இன்னும் மெல்லிய குரலில் சொன்னார். "உள்ளதை எழுதுங்க மிஸ். ஒரு பொய் எழுதினா அதைக் காப்பாத்த இன்னும் பத்துக் கடிதம் எழுதணும். எனக்கு அதுக்கு ஆள் இல்ல."

எழுதினேன். நிரந்தரக் குடியிருப்பு இல்லை, பயிர் இல்லை, சீமெந்துத் தளம் அறுவடைக் காலத்தில் நெல் உலர்த்தவும், ஏனைய நாட்களில் மலர் என்பவராலும் வேறு பெண்களாலும் கூனி உலர்த்தவும், மணற்பகுதி மாலையில் கரப்பந்துக்கும், கலியாண நாட்களில் சமையலுக்கும் ஊர்மக்களால் பொதுவாகப் பாவிக்கப்படுகிறது. கட்டம் ஒரு பெருவிரல் அளவு. என் எழுத்து அதை நிரப்பி, ஓரத்தில் ஏறி, தாளின் பின்பக்கத்துக்கும் போனது.

"நல்லம்" என்றார் சட்டென்று. கையெழுத்து விழுந்தது.

பிறகு பைல் தன் யாத்திரையைத் தொடங்கியது. காணாமல் போன திணைக்களத்தைத் தேடி அதன் வாரிசுத் திணைக்களத்துக்கு எழுதினோம். அவர்கள், "எங்கள் பட்டியலில் அப்படி ஒரு களஞ்சியம் இல்லை, இல்லாத களஞ்சியத்தை விடுவிக்க முடியாது" என்று பதில் போட்டார்கள். திவாகரன் சேர் அதற்கு ஒரே வரியில், "ஆகவே உங்களுக்கு ஆட்சேபனையும் இல்லை என்று கொள்கிறோம்" என்று எழுதினார். அதற்குப் பதில் வரவில்லை. சேவையர் வந்து அளந்தார். ஆற்றோரமாக அரசுக்கு ஒதுக்க வேண்டிய துண்டை வெட்டி, மீதிக்கு வரைபடம் கீறினார். தொல்பொருள் இல்லை, வனம் இல்லை, எல்லாருக்கும் சம்மதம் என்று கடிதங்கள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. கூனிக்கு மட்டும் யாரும் சம்மதமோ மறுப்போ எழுதவில்லை.

எட்டு மாதம் கழித்து இன்னொரு விண்ணப்பம் முளைத்தது. கல்குடாப் பக்கம் விடுதி நடத்தும் ஒருவர் அதே காணியை நீண்டகாலக் குத்தகைக்குக் கேட்டிருந்தார். ஆற்றைப் பார்த்தபடி அறைகள் கட்டப் போகிறாராம். ஒரே காணிக்கு இரண்டு பேர் என்பதால், புதன்கிழமை மேலிடத்திலிருந்து ஒரு அதிகாரி நேரில் வந்து பார்ப்பார் என்று கடிதம் வந்தது.

திவாகரன் சேர் அந்தக் கிழமை கொழும்பில் ஒரு பயிற்சிக்குப் போயிருந்தார். தவிசாளர் வேர்க்க விறுவிறுக்க வந்தார்.

"எல்லாம் உங்கட அறிக்கையால வந்தது மிஸ். 'பாவிக்கப்படுகிறது' எண்டு தாள் நிறைய எழுதி வச்சிரிக்கீங்க. அவர் வந்து நெல்லையும் கூனியையும் பாத்தா அத்துமீறல் எண்டு எழுதுவார். காணி ஹோட்டல்காரனுக்குப் போகும். மறுகா கூனியும் இல்ல, பூங்காவும் இல்ல."

"என்ன செய்யச் சொல்றீங்க?"

"ஒரே ஒரு நாள். புதன்கிழமை மட்டும் காணி வெறுமையா கிடக்கட்டும்."

நான் சேருக்குத் தொலைபேசி எடுத்திருக்க வேண்டும். அவருடைய குரல் நேரிலேயே கேட்காது, தொலைபேசியில் எப்படிக் கேட்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. அவர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

நெல்காரர்களுக்குத் தவிசாளர் சொன்னார். மலருக்கு நான் சொல்ல வேண்டி வந்தது. ஓடத்தால் இறங்கிப் போய், கொட்டிலடியில் நின்றுகொண்டு, "மலர், இந்தக் கொட்டிலக் கழட்டி, கூனியையும் எடுக்கணும். ஒரு நாளைக்குத்தான்" என்றேன்.

அவள் கூனியைக் கிளறிக்கொண்டிருந்தாள். கை நின்றது.

"ஒரு நாளைக்கு எண்டுதான் முந்திச் சண்டைக் காலத்திலயும் எங்களை எழுப்பினாங்க அக்கா. மாத்து உடுப்புக்கூட எடுக்கல்ல. மறுகா ஆறு வருசம் கழிச்சுத்தான் வந்த நாங்க."

அதுவரை என்னை மிஸ் என்று கூப்பிட்டவள் அன்றைக்குத்தான் அக்கா என்றாள். அதுவும் என்னைச் சுட்டது.

"சரி. நீங்க சொல்றபடியா கழட்டுறன்" என்று முதலாவது கிடுகை இழுத்தாள். நான் உதவி செய்யவில்லை. உத்தியோகத்தர் கிடுகு கழற்றினால் யாரும் பார்த்துவிடுவார்கள் என்று ஓடத்தடிக்கு நடந்துவிட்டேன்.

புதன்கிழமை காலை அந்த அதிகாரி வந்தார். திருகோணமலைப் பக்கத்து ஆள். பருத்த உடம்பு, சாந்தமான முகம், கையில் பெரிய கறுப்புக் குடை. பாலத்தால் சுற்றிப் போன ஜீப்பில் அவர் முன்னால். நான் பின்னால், கறுப்புக் கண்ணாடிக்குள். தவிசாளர் முந்திக்கொண்டு மோட்டார் சைக்கிளில் காணிக்குப் போயிருந்தார். கண்ணாமுனைக்குப் போகிற காப்பெட் வீதி புதிதாகத் தார் போட்டது. கடைசி வளைவு திரும்பியதும் ஜீப் நின்றது.

வீதி தெரியவில்லை. கண்ணுக்கெட்டிய தூரம் வரை, வீதியின் அகலம் முழுக்க, பொன்னிறமாய் நெல்.

சாரதி ஹோன் அடித்தார். ஒரு மனிதர் நெல் பரப்பும் பலகையைத் தோளில் வைத்துக்கொண்டு ஆறுதலாக வந்தார். எனக்கு ஆளைத் தெரியும்: வேலாப்போடி அண்ணன். அந்த வட்டையில் ஐந்து ஏக்கர் வயல் செய்கிறவர். அவருக்கு உள்ளே நான் இருப்பது தெரியாது.

"நெல்லில ஏத்திராதீங்க மனே. பொறுங்க, ஒதுக்கித் தாறன்."

அதிகாரி கண்ணாடியை இறக்கினார். "ஏன் ஐயா றோட்டில காயப்போட்டிரிக்கீங்க? பிழையில்லையா?"

"பிழைதான். இண்டைக்கு வேற இடமில்லையே."

"மற்ற நாளில எங்க போடுற?"

"அங்கால பழைய ஸ்டோர்த் தளம் இரிக்கி. அருமையான இடம். ஒரு நாளில காஞ்சிரும். இண்டைக்கு அதுல போடக்கூடாதாம்."

"ஏன்?"

"ஆரோ பெரிய அதிகாரி ஒராள் வாறாராம். நாங்க அதைப் பாவிக்கிறல்ல எண்டு பாக்க."

நான் இருக்கைக்குள் எவ்வளவு தாழலாமோ அவ்வளவு தாழ்ந்தேன்.

"அவர் பாத்துப்போட்டுப் போனாப் பிறகு?" என்று அதிகாரி கேட்டார்.

"மறுகா அங்க அள்ளிப் போடுறதான். அவர் என்ன, அங்கயே இரிக்கவா போறார்?"

அதிகாரி மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். மடியில் இருந்த பைலைத் தட்டினார். "மிஸ், இதுல உங்கட அறிக்கை கிடக்கு. பின்பக்கம் வரைக்கும் எழுதியிரிக்கீங்க. இவர் சொல்றதைத்தான் நீங்களும் எழுதியிரிக்கீங்க. அப்ப இண்டைக்கு என்ன நடக்குது?"

"அறிக்கை உண்மை சேர்" என்றேன். "இண்டைக்குத்தான் பொய்."

அவர் சிரிக்கவில்லை, கோபிக்கவும் இல்லை. குடையை விரித்துக்கொண்டு இறங்கினார். நெல்லை மிதிக்காமல் வீதி ஓரத்துப் புல்லில் நடந்தார். நான் பின்னால். குடை வேண்டாமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். எனக்கு அந்த வெயில் தேவைப்பட்டது. வேலாப்போடி அண்ணன் என்னைக் கண்டதும் பலகையைக் கீழே போட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு எங்களுக்குப் பின்னால் வந்தார்.

காணி கூட்டித் துடைத்த மாதிரிக் கிடந்தது. கரப்பந்துக் கம்பத்தையும் பிடுங்கியிருந்தார்கள். தவிசாளர் நடுத்தளத்தில் படத்தோடு நின்றார்.

"பாருங்க சேர், ஒரு ஈ காக்கா இல்ல."

"ஓம், இல்லத்தான்" என்றார் அதிகாரி. "ஒருத்தரும் வராத இடத்தில பொதுமக்களுக்குப் பூங்கா என்னத்துக்கு? ஹோட்டல்காரர் எண்டாலும் நாலு ஆக்களைக் கொண்டுவருவார். அவருக்கே குடுத்திடலாம்போல இரிக்கி."

தவிசாளரின் கையிலிருந்த படம் தானாகச் சுருண்டது. அவர் என்னைப் பார்த்தார். நான் ஆற்றைப் பார்த்தேன்.

அப்போது வேலிக்கு அப்பால் ஒரு பூவரச மரத்தின் கீழிருந்து மலர் வந்தாள். கையில் கேத்தல். யாரும் அவளைக் கூப்பிடவில்லை. வெயிலில் நடந்து வந்த மனிதரைக் கண்டால் அவளால் சும்மா இருக்க முடியாது.

"சேர் தேத்தண்ணி குடிக்கிறீங்களா?"

அதிகாரி அவளைப் பார்த்தார். "மலர் எண்டது நீங்களா?"

அவள் திகைத்துப்போனாள். "என்ட பேர் கவுமெண்டுக்கு எப்பிடித் தெரியும்?"

"இவங்க எழுதின அறிக்கையில இரிக்கி."

மலர் என்னைப் பார்த்தாள். "நல்லதுக்கா எழுதின நீங்க, கெட்டதுக்கா?"

அதிகாரி சொன்னார், "அதைப் பாக்கத்தான் நான் வந்தன்" என்று.

அவர் உள்ளங்கையில் சீனியோடு தளத்தின் விளிம்பில் குந்திக்கொண்டு விளக்கினார். ஒருவர் தனக்கென்று வேலி போட்டுப் பிடித்தால் அது அத்துமீறல். வேலி இல்லாமல் ஊரே மாறி மாறிப் பாவிப்பது வேறு. அது பொதுப் பாவனை. சபைக்குக் காணி கொடுப்பதே பொதுப் பாவனைக்குத்தான். ஆனால் காணியைக் கொடுக்கும் கட்டளையில் 'சிறுவர் பூங்கா' என்று எழுதினால், பிறகு அங்கே ஒரு மணி நெல் காய்ந்தாலும் நிபந்தனையை மீறியதாகும்.

"இங்க நடக்கிற எல்லாத்துக்கும் சேத்து ஒரு சொல்லு வேணும்" என்றார்.

எல்லாரும் யோசித்தோம். முப்பது வருடத்தில் எத்தனை நோக்கம் எழுதியிருப்பேன்: மயானம், சந்தை, வாசிகசாலை, குப்பை மேடு. எதுவும் பொருந்தவில்லை.

"பொதுக் களம் எண்டு எழுதினா சேர்?" என்று கேட்டேன்.

"களம் எண்டா நெல்லுக் களந்தானே" என்றார் வேலாப்போடி அண்ணன் உடனே.

"விளையாட்டுக் களமும் களந்தான்" என்றார் தவிசாளர், கொஞ்சம் உயிர் வந்து.

"கூனி?" என்றாள் மலர்.

"நெல்லு காயிற இடத்தில கூனி காயாதா?" என்றார் அதிகாரி. எழுதிக்கொண்டார்.

ஒட்டகச்சிவிங்கிக்கும் வழி பிறந்தது. தளத்துக்கு அங்கால், கரப்பந்துக்கும் அப்பால், ஒரு துண்டு மணல் மிஞ்சியது. தண்ணீர்த் தொட்டியையும் பூந்தொட்டியையும் விட்டுக்கொடுத்தால் சறுக்கை அதில் வைக்கலாம். தவிசாளர் படத்தை விரித்து நீண்ட நேரம் பார்த்தார். "தொட்டி போகட்டும் சேர்" என்றார், ஒரு பிள்ளையை விட்டுக்கொடுத்தவர் மாதிரி.

அடுத்த திங்கட்கிழமை திவாகரன் சேர் வந்தார். நான் அவரே கேட்கும்வரை காத்திருக்கவில்லை. மின்விசிறியை நிறுத்திவிட்டு முழுவதையும் சொன்னேன். மூக்குக்கண்ணாடி மேசைக்கு வந்தது.

"நல்லம்."

மூன்றாம் வகை. என் உத்தியோக வாழ்க்கையில் எனக்கென்று விழுந்தது அது ஒன்றுதான்.

"ஏன் எனக்கு ஒரு போன் கோல் எடுக்கல்ல?"

"எடுத்தா வேண்டாம் எண்டிருப்பீங்க சேர்."

"அதுதான் எடுக்கல்ல."

"ஓம் சேர்."

அவர் பைலைக் கடைசித் தாளிலிருந்து புரட்டினார். பிறகு மூடினார். "அந்தப் பொம்பிளையிட்டப் போனீங்களா?"

"எதுக்கு சேர்?"

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அடுத்த பைலை எடுத்தார். நான் அடுத்த நாள் ஒரு லீவு போட்டுவிட்டு ஓடம் ஏறினேன்.

மலர் கொட்டிலைத் திரும்பக் கட்டிக்கொண்டிருந்தாள். நான் வழியெல்லாம் அடுக்கிக்கொண்டு போன பேச்சைத் தொடங்கினேன். "மலர், அண்டைக்கு நான் செய்தது..." என்றேன்.

"அந்தக் கயித்தக் கொஞ்சம் பிடிங்க அக்கா" என்றாள்.

பிடித்தேன். இறுக்கிப் பிடிக்கச் சொன்னாள். பிறகு கிடுகு எடுத்துத் தரச் சொன்னாள். பிறகு அடுத்த பக்கத்துக்கு வரச் சொன்னாள். மூன்று மணித்தியாலம் அந்த வெயிலில் எனக்கு வேலை தந்தாள். கரப்பந்துக்கு வந்த வாலிபர்கள், காணிக் கந்தோர் மிஸ் கிடுகு கட்டுவதை நின்று வேடிக்கை பார்த்தார்கள். என் பேச்சைக் கடைசிவரை சொல்ல விடவேயில்லை. போகும்போது ஒரு பை நிறையக் கூனி தந்தாள்.

காணியைச் சபைக்கு உரித்தாக்கும் கட்டளை வர இன்னும் எட்டு மாதம் எடுத்தது. நோக்கம்: பொதுக் களம். என் ஓய்வுக்கு ஒரு மாதம் இருந்தது. கண்ணாமுனையில் ஒரு சின்ன விழா வைத்துக் கையளித்தோம். தவிசாளர் படம் எடுத்துக்கொண்டார். இரண்டு கிழமை கழித்து வேலாப்போடி அண்ணன் கந்தோருக்கு வந்தார்.

"மிஸ், நாங்க மறுகாயும் றோட்டிலதான்."

"ஏன்?"

"வந்து பாருங்க."

திவாகரன் சேரும் கூட வந்தார். காணி வாசலில் புத்தம் புதிய தகரப் பலகை ஒன்று இரண்டு கம்பியில் நின்றது. 'இது பிரதேச சபைக்குச் சொந்தமான காணி. அனுமதியின்றி உட்பிரவேசிக்கத் தடை.' ஊர் அதற்கு அப்படியே கட்டுப்பட்டிருந்தது. தளத்தில் ஒரு மணி நெல் இல்லை. மலரின் கொட்டில் மட்டும் அதன் மூலையில் இருந்தது. அவளும் அதற்குள் இருந்தாள்.

"நீங்க பலகை பாக்கல்லையா?" என்று சேர் கேட்டார்.

"பாத்தன் சேர். உள்ள வரக்கூடாதெண்டு போட்டிரிக்கி. நான் அது வைக்க முந்தியே உள்ளதான் இரிக்கன்."

தவிசாளரைக் கூப்பிட்டோம். ஓடி வந்தார். "சேர், சபையிட எல்லாக் காணிக்கும் இதே பலகைதான். பெயின்டர் பத்து ஒண்டா எழுதி வச்சிரிக்கான். ஆக்கள் வாசிப்பாங்க எண்டு நான் நினைக்கல்ல."

"இப்ப நாங்க நாலு பேரும் உள்ள நிக்கிறம்" என்றார் சேர், எல்லாரும் கழுத்தை நீட்டிக் கேட்கும் குரலில். "ஆரிட அனுமதியில தவிசாளர்?"

தவிசாளர் சேட்டுக் கையை மடித்துவிட்டு, தானே கம்பியை ஆட்டி ஆட்டிப் பிடுங்கினார். வேலாப்போடி அண்ணன் மற்றப் பக்கம் பிடித்தார். பலகையைத் தோளில் வைத்துக்கொண்டு தவிசாளர் மோட்டார் சைக்கிளை நோக்கி நடந்தபோது மலர் கூப்பிட்டாள்.

"தவிசாளர், அதை எறியப்போறீங்களா?"

"ஏன்?"

"நல்ல தகரம். சுறுக்கா சூடேறும்."

அவர் எங்கள் முகத்தைப் பார்த்தார். பலகையைக் கொண்டுபோய் அவள் காட்டிய இடத்தில் போட்டார். அதன் பின்பக்கம் வெறும் தகரம். மழையில் கறள் பிடித்துவிடும் என்று அவள் எழுத்துப் பக்கத்தை மேலே திருப்பினாள். முந்தானையால் துடைத்தாள். வெயில் அதில் பட்டுக் கண்ணைக் கூச வைத்தது. கூடையிலிருந்து ஈரக் கூனியை இரண்டு கையாலும் அள்ளி, குனிந்து நின்று, இடது மூலையிலா வலது மூலையிலா தொடங்குவது என்று ஒரு கணம் பார்த்தாள்.

முதல் கைக் கூனி 'தடை'யின் மேல் விழுந்தது.